கழற்றி மாட்டிய காலத்து ஏசி

அரை நூற்றாண்டு வயதான ஜன்னல் ஏசிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மின்சாரத்தைக் குடிக்கிற, ஓசோனுக்கு ஆகாத வாயுவை உள்ளே அடைத்து வைத்திருக்கிற அந்தப் பெட்டிகளைக் காப்பாற்றுவதில் என்ன நியாயம் இருக்க முடியும்?

பழைய காரை வாங்கி மெருகேற்றுகிறவரை ஊர் வியப்போடு பார்க்கும். வால்வு ரேடியோ, கிராமபோன், கைக்கடிகாரம் என்று எதைச் சேர்த்தாலும் ரசனை உள்ள ஆள் என்று ஒப்புக்கொள்ளும். ஜன்னல் ஏசிக்கு அந்த மரியாதை கிடையாது. இரைச்சல் போடும், பின்பக்கம் தண்ணீர் சொட்டும், பழுதானால் காயலான் கடைக்குப் போகும் தகரப் பெட்டி என்பதுதான் அதைப் பற்றிய பொதுக் கருத்து. அமெரிக்காவில் ஒரு சிறு கூட்டம் அந்தப் பெட்டிகளையே தேடி அலைகிறது. ஃபெடர்ஸ், ஃபில்கோ, ஃபிரிஜிடேர், ஜெனரல் எலெக்ட்ரிக், ஃபிரெட்ரிக், சியர்ஸ் கடைகளில் விற்ற கோல்ட்ஸ்பாட் என்று 1950களிலிருந்து 1970கள் வரை அந்நாட்டு ஜன்னல்களில் உட்கார்ந்திருந்த மாடல்களை நிலவறைகளிலிருந்தும் கார் கொட்டகைகளிலிருந்தும் பழைய சாமான் விற்பனைகளிலிருந்தும் மீட்டெடுக்கிறார்கள். துருவைச் சுரண்டி, காயிலைக் கழுவி, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, மறுபடி ஓடவைக்கிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் எளிதாக வாயில் வரும். மின்சாரம் தின்னும் பழங்குப்பையை வைத்து விளையாடுகிறார்கள் என்பது ஒன்று. அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான், இன்றைய ஏசி அதற்கு உறை போடக் காணாது என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. பழைய ஜன்னல் ஏசி குளிர்தரும் கருவியாகக் காலாவதியாகிவிட்டது. ஆனால், ஒரு வீட்டுச் சாதனத்தைப் பழுதுபார்க்கத் தோதாக எப்படிக் கட்டுவது என்பதற்கு அது இன்றும் செல்லுபடியாகும் சான்று. அந்தச் சான்றுக்காகத்தான் அதைக் காக்க வேண்டும். அப்படிக் காப்பதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு: அரிதாக ஓட்ட வேண்டும், வாயு ஓடும் குழாய்ச் சுற்றைத் தொடவே கூடாது.

ஜன்னலுக்கு வந்த குளிர்

குளிரூட்டல் முதலில் மனிதர்களுக்காக வரவில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பு நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்கானது. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது காகிதம் நீண்டு சுருங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேறும் வண்ணங்கள் விலகிப்போயின. அதைச் சரிக்கட்டவே அந்த ஏற்பாடு. பிறகு குளிர் திரையரங்குகளுக்குப் போனது. 1925இல் நியூயார்க்கின் ரிவோலி அரங்கு அதை வைத்துக் கோடைக் கூட்டத்தை ஈர்த்தது. வீட்டுக்கு வருவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, இயந்திரத்தின் பருமன். 1929இல் ஃபிரிஜிடேர் அறைக் குளிரூட்டி ஒன்றைக் கொண்டுவந்தபோது அதன் கம்ப்ரஸர் பகுதியைத் தனியே வேறோர் இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, வாயு. அன்றைய குளிர்பதனக் கருவிகளில் சல்பர் டையாக்சைடு, மீதைல் குளோரைடு, அம்மோனியா போன்ற நச்சுகள் ஓடின. கசிந்தால் ஆளுக்கு ஆபத்து. ஜெனரல் மோட்டார்ஸுக்காகத் தாமஸ் மிட்ஜ்லி குழு 1928இல் கண்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயு இந்த இரண்டாவது தடையை உடைத்தது. 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சாக இழுத்து, ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீப்பற்றவும் இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம். அதே வாயு வானத்தில் என்ன செய்யும் என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

1938இல் ஃபில்கோ-யார்க் ஜன்னல் ஏசி சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் விற்பனை சூடு பிடித்தது. 1947இல் அமெரிக்காவில் விற்றவை சுமார் 43,000. 1953இல் பத்து லட்சத்துக்கு மேல். கட்டடத்தில் காற்றுக்குழாய் இழுக்க வழியில்லாத வாடகைக் குடியிருப்புவாசிக்கும் குளிர் எட்டியதற்கு ஜன்னல் பெட்டியே காரணம். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். குளிரூட்டல் அமெரிக்கத் தென்மாநில வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று ரேமண்ட் ஆர்சனோ 1984இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், குளிரூட்டலின் தொழில்நுட்ப வரலாற்றைச் சொல்லும் கெயில் கூப்பரின் 1998ஆம் ஆண்டு நூலும் இந்தக் கதையின் பெரும்போக்கைச் சொல்கின்றன.

ஆனால் ஆய்வு நூல்களில் அகப்படாத செய்திகள் சில பெட்டியிலேயே இருக்கின்றன. 7.5 ஆம்பியர் என்று பெருமையாக விளம்பரம் செய்யப்பட்ட மாடல்களை எடுத்துக்கொள்வோம். அன்றைய அமெரிக்க வீடுகள் பலவற்றில் ஓர் அறைக்கு வரும் 115 வோல்ட் இணைப்பு 15 ஆம்பியர்தான் தாங்கும். அதில் பாதியை மட்டும் எடுக்கிற ஏசி என்றால் விளக்கையும் ரேடியோவையும் அணைக்காமல், புது ஒயரிங் இழுக்காமல் மாட்டலாம். ஒரு சாதனத்தின் வடிவத்தை வீட்டு ஒயரிங் தீர்மானித்த கதை பெட்டியின் விவரத் தகட்டிலுள்ள அந்த எண்ணில் இருக்கிறது. அறைக்குள் தேங்கிய சிகரெட் புகையை வெளியே தள்ளுவதற்கென்று இருந்த எக்ஸாஸ்ட் பிடி, மரச்சாமான்களோடு ஒத்துப்போவதற்காக 1960களிலும் 70களிலும் முகப்பில் ஒட்டிய போலி மரவரி, தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பெட்டியைக் குறுக்கி ஜெனரல் எலெக்ட்ரிக் விற்ற தின்லைன் ஆகிய ஒவ்வொன்றும் அன்றைய வீட்டைப் பற்றிய சாட்சியம். அருங்காட்சியகங்கள் பொதுவாக முதலாவதையும் புகழ்பெற்றதையும் எடுத்து வைக்கும். லட்சக்கணக்கில் விற்ற சாதாரண மாடலுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. தயாரித்தவர்களும் நிலைக்கவில்லை. ஃபிரிஜிடேரை ஜெனரல் மோட்டார்ஸ் 1979இல் விற்றுவிட்டது. ஒரு காலத்தில் ஜன்னல் ஏசி என்றாலே நினைவுக்கு வந்த ஃபெடர்ஸ் 2007இல் திவாலானது. அந்தச் சாதாரண மாடல்களையும், அவற்றின் பழுதுபார்ப்புக் கையேடுகளையும், விளம்பரத் தாள்களையும் இன்று பத்திரப்படுத்தி வைத்திருப்பது பெரும்பாலும் தனி ஆட்கள்தான்.

இழுத்தால் வெளியே வரும்

அந்தப் பெட்டிகளின் கட்டுமானத்தைப் பார்த்தால்தான் இவர்களின் ஈடுபாடு விளங்கும். நல்ல மாடல்களில் எஃகுக் கூடு ஜன்னலில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். இயந்திரம் முழுவதும் ஓர் அடித்தட்டின்மேல் அமர்ந்து அதற்குள் நுழைந்திருக்கும். முகப்பைக் கழற்றி, சில திருகாணிகளை விலக்கி இழுத்தால் மேசை இழுப்பறைபோல முழு இயந்திரமும் அறைக்குள் வந்துவிடும். கூட்டை ஜன்னலிலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை. ஒயரிங் படம் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். நடுவில் இருபுறமும் தண்டு நீண்ட ஒரே மோட்டார்: ஒரு முனை அறைக்குள் குளிர்காற்றைத் தள்ளும் புளோயரைச் சுழற்றும், மறுமுனை வெப்பத்தை வெளியேற்றும் விசிறியைச் சுழற்றும். பல மாடல்களில் அந்த வெளி விசிறியின் விளிம்பில் ஒரு வளையம் உண்டு. குளிர்ந்த காயிலில் சொட்டிய நீர் அடித்தட்டில் தேங்க, வளையம் அதை வாரி கண்டன்ஸர்மேல் தெளிக்கும். வீணாகப் போகும் தண்ணீரைக் கொண்டே கண்டன்ஸரைக் குளிர்விக்கும் இந்த உத்தி இன்றைய ஜன்னல் ஏசிகளிலும் தொடர்கிறது. பல பழைய மோட்டார்களில் எண்ணெய் விடுவதற்கென்றே சிறு துளை இருக்கும். வாங்கியவரோ மெக்கானிக்கோ பராமரிப்பார் என்று எதிர்பார்த்துச் செய்த சாமான் அது.

எவை பழுதாகும், எவை பழுதாகாது என்ற பிரிப்பில்தான் இந்த வடிவமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. கம்ப்ரஸர், கண்டன்ஸர், கேபிலரி குழாய், கூலிங் காயில் ஆகிய நான்கும் பற்றவைத்து மூடிய ஒரே சுற்று. தொழிற்சாலையில் அடைத்த வாயு, கசிவு இல்லாதவரை, அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை அவ்வப்போது நிரப்பத் தேவையில்லை. காலப்போக்கில் கெடக்கூடிய கபாசிட்டர், தெர்மோஸ்டாட், சுவிட்ச், மோட்டார் புஷ், ஒயர், ரப்பர் எல்லாம் அந்தச் சுற்றுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், தனித்தனியாக மாற்றக்கூடிய உதிரிகளாக இருக்கும். அதனால்தான் ஐம்பது வருடப் பெட்டியை வாயுச் சுற்றைத் தொடாமலேயே முழுமையாகச் சீரமைக்க முடிகிறது. காயிலில் மடிந்த அலுமினியத் தகடுகளைச் சீப்புப் போன்ற கருவியால் நிமிர்த்துகிறார்கள். அடித்தட்டின் துருவை நீக்கி வண்ணம் பூசுகிறார்கள். நைந்த ஒயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்றுமுனை பிளக் போடுகிறார்கள். ஓடவிட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து குறித்து வைக்கிறார்கள். பதம் தெரிந்தவர்கள் முதலில் கபாசிட்டரைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1979இல் தடைசெய்யப்படும்வரை பாலிகுளோரினேற்ற பைஃபினைல் என்ற நச்சு எண்ணெய் கபாசிட்டர்களில் பயன்பட்டது. அந்தக் காலத்துக் கபாசிட்டர் உப்பியோ ஒழுகியோ இருந்தால் வெறுங்கையால் தொடுவதும் குப்பையில் எறிவதும் தவறு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைச் சுரண்டும்போதும் முகமூடி வேண்டும்.

மூன்று மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை வலுவானவை. முதலாவது, தப்பிப் பிழைத்ததை வைத்துக் காலத்தையே எடைபோடும் பிழை. இன்றும் ஓடுகிற 1962 மாடலைக் காட்டி அந்தக் காலத்தில் எல்லாமே உழைத்தது என்கிறோம். அதே வருடம் செய்து மூன்றே கோடையில் படுத்துவிட்ட பெட்டிகள் எப்போதோ உருக்காலைக்குப் போய்விட்டன, அவற்றை நாம் பார்ப்பதே இல்லை. இது முற்றிலும் சரி. ஆகவே நீண்ட ஆயுளைச் சான்றாக வைப்பதை விட்டுவிட வேண்டும். ஆயுளைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் கட்டுமானம் மிஞ்சுகிறது. இழுத்தால் வெளியே வருகிற அடித்தட்டும், உள்ளே ஒட்டிய ஒயரிங் படமும், தனியே மாற்றக்கூடிய கபாசிட்டரும் உழைத்த பெட்டியிலும் இருந்தன, உழைக்காத பெட்டியிலும் இருந்தன. பழுதுபார்க்க முடிந்தது என்பதை அந்த அமைப்பே காட்டுகிறது. அதற்குப் பிழைத்திருந்த அதிர்ஷ்டத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு மின்சாரம். ஒரு வாட் மின்சாரத்துக்கு மணிக்கு எத்தனை பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றுகிறது என்ற விகிதத்தால் ஏசியை மதிப்பிடுவார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஜன்னல் ஏசிகளில் அது சராசரியாக 6 அளவில் இருந்தது. 1987இல் இயற்றிய சட்டத்தின் கீழ் 1990 முதல் கட்டாயத் தரம் நடைமுறைக்கு வந்தது. இன்று 12ஐத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். 6,000 பி.டி.யு. குளிருக்குப் பழையது 1,000 வாட் இழுத்தால் புதியது 500 வாட் இழுக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு இதற்குமேல் விவாதமே இல்லை. பழையதை மாற்றிவிட வேண்டும். பழைய ஏசிதான் காற்றின் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. சிக்கனத்துக்காகக் காயிலைப் பெரிதாக்கும்போது அதன் மேற்பரப்பு அவ்வளவு குளிராமல் போகும். ஈரம் குறைவாக வடியும். ஆனால் அந்த ஒரு வசதிக்காக இரட்டிப்பு மின்சாரம் கட்டுவது கணக்குக்கு ஒத்துவராது.

மூன்றாவது மறுப்பு வாயு. இதுதான் உண்மையிலேயே கனமானது. ஓசோனுக்குக் குளோரோஃபுளோரோகார்பன்களால் வரும் கேட்டை 1974இல் மோலினாவும் ரோலண்டும் விளக்கினர்; 1985இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் ஓட்டை பதிவானது; 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பழைய ஜன்னல் ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-22 என்ற வாயு. குளோரோஃபுளோரோகார்பன் வகையைச் சேர்ந்த பழைய ஆர்-12ஐப் போல அது ஓசோனை அவ்வளவு மோசமாகத் தாக்குவதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-22, நூறாண்டுக் கணக்கில், 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அமெரிக்காவில் 2020 முதல் அதை உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் தடை. வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவது 1992 முதலே குற்றம். ஒரு பெட்டியில் 600 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுதும் கசிந்தால் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியானதற்கு ஒப்பு. இனி மின்சாரத்தைப் பார்ப்போம். கோடைக்கு 500 மணி நேரம் ஓட்டினால் பழைய பெட்டி கூடுதலாகத் தின்பது 250 யூனிட். அமெரிக்க மின்கட்டமைப்பில் அது சுமார் 100 கிலோ கரியமில வாயு. அதாவது ஒரே ஒரு கசிவு, பத்துக் கோடைகள் வீணடித்த மின்சாரத்துக்குச் சமம். வருடத்தில் பத்து மணி நேரம் மட்டும் ஓட்டிப் பார்க்கிற சேகரிப்பாளரின் மின்செலவு சில கிலோவுக்குள் அடங்கிவிடும். குழாயைத் தவறாக வெட்டினால் விளையும் கேடோ டன் கணக்கு.

இந்தக் கணக்கிலிருந்துதான் சேகரிப்பின் ஒழுக்கம் பிறக்கிறது. சுற்று மூடியிருக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது. கசிந்துபோன பெட்டியை ஓடாத காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், உதிரிகளுக்காகப் பிரிக்கலாம், எங்கிருந்தோ ஆர்-22 வாங்கி அடித்து உயிர்கொடுக்கிற வீம்பு வேண்டாம். மாற்றாக புரோப்பேனை அடைத்து ஓட்டுவது அதைவிட மோசம். தீப்பற்றும் வாயுவுக்காக வடிவமைக்காத பெட்டியில் அதைப் போடக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே எச்சரித்திருக்கிறது. ஒருநாள் சேகரிப்பைக் கைவிட நேர்ந்தால், உரிமம் பெற்றவரைக் கொண்டு வாயுவை உறிஞ்சி எடுத்த பிறகே பெட்டி உருக்காலைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் கடைப்பிடிப்பவர் சூழலுக்குக் கேடு செய்கிறவர் அல்லர். குழாய் வெட்டப்பட்டுக் காற்றில் கலந்திருக்கக்கூடிய வாயுவை அடைத்து வைத்திருப்பவர். கடைப்பிடிக்காதவருக்கு வரலாற்று ஆர்வம் என்ற கவசம் பொருந்தாது.

நமக்கு ஆகிவருவது எது

இந்தப் பொழுதுபோக்கை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கமல்ல. இங்கே கோடை நீளம். ஏசிக்கு நட்சத்திரம் கொடுக்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு வருடத்துக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டைக் கணக்கில் கொள்கிறது. மேலே சொன்ன 500 வாட் வித்தியாசம் அதில் 800 யூனிட் ஆகிவிடும். நிலக்கரியை நம்பிய நம் மின்சாரத்தில் அது அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு. இங்கே பழைய ஜன்னல் ஏசியைத் தினசரி ஓட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வாயுவைக் கையாளும் பழக்கமும் நம்மிடம் சரியில்லை. குளிர் குறைந்தால் கசிவு எங்கே என்று தேடாமல் "கேஸ் அடிச்சாச் சரியாயிடும்" என்று முடிப்பதும், காயலான் கடையில் செம்புக்காகக் குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுவதும் நடைமுறையாக இருக்கிறது. 2030க்குள் ஆர்-22ஐ நீக்குவதாக ஒப்புக்கொண்ட நாடு இது. மின்னணுக் கழிவு விதிகளுக்குள் ஏசியும் அடங்கும். பழைய பெட்டியை மாற்றும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்த விலையைப் பார்க்கிற நாம், அதிலுள்ள வாயு எங்கே போனது என்று கேட்பதில்லை.

நமக்கு உதவக்கூடியது அந்தப் பெட்டிகளின் பாடம். இன்றைய இன்வெர்ட்டர் ஏசிக்காரர்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் "போர்டு போச்சு" என்பது. கம்ப்ரஸர் நன்றாக இருக்கும், காயில் நன்றாக இருக்கும், வாயு முழுமையாக இருக்கும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் ஒரு மின்னணுப் பலகை கெட்டிருக்கும். அந்தப் பலகை கிடைக்காமலோ விலை கட்டுபடியாகாமலோ முழு இயந்திரமும் கழிவாகும். மின் சிக்கனத்துக்கு இன்வெர்ட்டர் வேண்டும், இன்வெர்ட்டருக்குப் பலகை வேண்டும் என்பது உண்மை. ஆனால் சிக்கனம் வேண்டுமென்றால் பழுதுபார்க்கும் வசதியைத் துறக்க வேண்டும் என்று எந்தப் பொறியியல் விதியும் சொல்லவில்லை. கெடக்கூடியதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது, தனியே மாற்றும்படி செய்வது, சுற்றுப்படத்தை வெளிப்படையாகத் தருவது ஆகிய மூன்றும் 1950களின் வடிவமைப்பாளர்கள் கடைப்பிடித்த கொள்கைகள். அவற்றை இன்றைய பலகைக்கும் அப்படியே பொருத்தலாம்.

இதற்கு ஒரு பதில் வரும்: அந்தப் பெட்டிகள் விலை உயர்ந்தவை, அதனால்தான் அப்படிக் கட்ட முடிந்தது. 1950களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 4,200 டாலர். ஏசியின் விலையோ சில நூறு டாலர். 1960இலும் எட்டு வீட்டுக்கு ஒன்றில்தான் ஏசி இருந்தது. மலிவானதால்தான் குளிர் சாதாரண மக்களை எட்டியது. வெப்ப அலையில் உயிர்காக்கும் பொருளாகவும் ஆனது. இது புறந்தள்ளக்கூடிய வாதமல்ல. கனத்த எஃகுக் கூட்டையும் இழுப்பறை அடித்தட்டையும் திரும்பக் கேட்டால் விலை ஏறத்தான் செய்யும். அவற்றைக் கேட்கவும் வேண்டாம். ஒட்டுக்குப் பதில் திருகாணி வைக்கலாம், சுற்றுப்படத்தை அச்சிட்டுத் தரலாம், பலகையைக் குறைந்தது பத்தாண்டுக்கு உதிரியாக விற்கலாம், எந்த மெக்கானிக்கும் வாங்கும்படி அதைக் கடையில் வைக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். இவை இல்லாததற்குக் காரணம் விலை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. அது விவரம் தருவதோடு நின்றால் போதாது.

ஏசியின் முகப்பில் ஒட்டும் நட்சத்திரம், அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதை வாங்குகிறவருக்குச் சொல்கிறது. அதே தாளில் இன்னும் இரண்டு வரிகளைக் கட்டாயமாக்க வேண்டும்: முக்கிய உதிரிகள் எத்தனை ஆண்டு கிடைக்கும், இன்று அவற்றின் விலை என்ன. மின் சிக்கனத்துக்கே அமெரிக்காவில் கட்டாயத் தரம் தேவைப்பட்டது; பழுதுபார்க்கும் வசதியும் தயாரிப்பாளரின் நல்லெண்ணத்தால் திரும்பி வராது. அப்படிப்பட்ட தரம் ஒன்றை எழுத உட்காருகிறவர்களிடம் இது சாத்தியமில்லை என்று தொழில்துறை சொல்லும்போது, சாத்தியம்தான் என்று கழற்றிக் காட்ட ஒரு பெட்டி கையில் இருக்க வேண்டும். பழைய ஏசிகளைச் சேர்க்கிறவர்களின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.